ஆணிக் கம்பெனிப் பேச்சு

எங்கள் அத்தைக்குக் காது போனது ஆணிக் கம்பெனியில். திருவொற்றியூர்ப் பக்கம், ஒருபுறம் கம்பியை விட்டால் மறுபுறம் ஆணியாக வந்து விழும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கொட்டகை அது. அங்கே பதினாறு வருஷம் ஆணி பொறுக்கிப் பெட்டியில் அடைத்தவள் அவள். காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காத இடம் என்பதால், அங்கே வேலை செய்த பெண்கள் கத்துவதையே விட்டுவிட்டார்கள். சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசுவார்கள். மாமியார் கொடுமை, இடுப்பு வலி, மேஸ்திரியின் யோக்கியதை எல்லாவற்றையும் மேஸ்திரிக்கு எதிரிலேயே பேசி முடித்துவிடுவார்களாம். வேலை விட்டு ராயபுரத்தில் பஸ் இறங்கிய பிறகும் அவர்கள் அப்படியே வாயை அசைத்துக்கொண்டு நடந்து போவார்கள். எங்கள் தெருவில் அதற்கு ஆணிக் கம்பெனிப் பேச்சு என்று பெயர்.

எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் பிறகு வில்லங்கமாயிற்று. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அம்மாவுக்கு அவளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டும். நைனாவுக்கு அக்காள்மேல் பாசம் உண்டே தவிரப் பொறுமை கிடையாது. மிச்சம் இருந்தது நான். பூசை நடுவே சாமியார் பிரசங்கம் வைக்கும்போது அத்தையும் நானும் ஒரு சத்தமும் இல்லாமல் ஊர் வம்பு பேசிக்கொண்டிருப்போம். பக்திமான்கள், வாய்க்குள் ஜெபம் சொல்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுதான். மூடித் திறக்கும், அவ்வளவுதான். ஒருநாள் அத்தை கதவோரம் நின்று என்னிடம் மல்லி வாங்கி வரச் சொன்னாள். நான் பல்லி என்று பார்த்துவிட்டு, தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்து, அலறிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டேன். அன்றைக்கு அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முன்ன இன்னா பேசுனோம், அப்பால இன்னா பேசுனோம், அத்த வெச்சித்தான் பாக்கணும் பாப்பா. சும்மா வாயையே பாத்துக்கினு இருந்தா, நீ எத நெனச்சிக்கினு கீறியோ அதான் தெரியும்" என்றாள்.

அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள். அவள் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவாள். உதட்டில் இரண்டும் ஒன்றாக இருந்ததால், அவர் வீட்டில் இருந்த காலத்தில் அவள் சத்தமில்லாமல் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

மாமாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பேண்டில் கிளார்னெட் வாசிப்பார். அதனால் துறைமுகத்திலும் தொழிலாளர் சங்கத்திலும் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை, கிளார்னெட்டு என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாசித்துவிட்டு வரும்போது கிளார்னெட் பெட்டிக்குள் எனக்கு ஒரு பன் இருக்கும். எச்சில் வாசனையும் பெட்டியின் பழைய வெல்வெட் வாசனையும் ஏறிய பன். அதைவிட ருசியான பண்டம் இந்த உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆறு வயதில் அவர் காணாமல் போனார். துறைமுகத்தில் அப்போது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தக்காரர்களின் குடும்பங்களுக்கு என்று வரும் அரிசி மூட்டைகள் எந்த வழியில் போய் எங்கே இறங்குகின்றன என்று தனக்குத் தெரியும் என்றும், பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லப்போவதாகவும் மாமா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கூட்டத்துக்கு முந்தின நாள், எண்ணூர்ப் பக்கம் போய் ஆள் திரட்டி வரலாம் என்று சங்கத் தலைவர்கள் இரண்டு பேர் வந்து அவரை அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தது இரண்டு பேர்தான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வழியில் இறங்கினான், பயந்துகினு ஓடிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அவரைப் பம்பாயில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பல்மேல் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். எங்கள் வீட்டில் நைனா உட்பட எல்லோரும் அதை நம்பினோம். ஓடிப்போனவன் என்றாவது திரும்பி வருவான் என்பது அதில் ஒரு வசதி.

அத்தை பூ வைத்துக்கொண்டாள், கலர்ப் புடவை கட்டினாள். வாரம் ஒருமுறை கிளார்னெட்டை எடுத்துத் துடைத்து மறுபடி பெட்டியில் வைத்தாள். கல்லறைத் திருநாளுக்கு எங்களோடு காசிமேட்டுக் கல்லறைக்கு வந்து தாத்தா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். ஆனால் நடுவில் இருக்கும் பெரிய சிலுவைப் பக்கம் மட்டும் போகமாட்டாள். கடலில் போனவர்கள், உடல் கிடைக்காதவர்கள் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம் அது. அங்கே ஏற்றிவிட்டால் மாமா செத்துவிட்டார் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? மூன்று வருஷம் அந்தச் சிலுவையைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், அவரை அழைத்துப் போன அந்த இரண்டு தலைவர்களும் எதிரும் புதிருமாக நின்றார்கள். தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. எங்கள் பகுதியில் அவர்கள் கட்சிக்கு இருப்பதோ ஓர் இடம். ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் துண்டு போட்டிருந்தார்கள். ஒருவருக்குப் பெரிய மீசை, இன்னொருவருக்குக் கறுப்புக் கண்ணாடி. தெருவில் மீசைக்காரர், கண்ணாடிக்காரர் என்றே அவர்களைச் சொன்னோம். நைனா மீசைக்காரர் கட்சி. சித்தப்பா கண்ணாடிக்காரர் கட்சி. ஒரே வீட்டில் ஒரே குண்டானில் சோறு தின்றுகொண்டு, குழம்பு வேண்டுமென்றால்கூட என் மூலம்தான் கேட்டுக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில் தொலைக்காட்சியில் துறைமுகத் தொழிலாளர் பிரச்சினை பற்றி இருவரும் நேருக்கு நேர் பேசப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு யார் நன்றாகப் பேசுகிறாரோ அவருக்குத்தான் கட்சி இடம் கொடுக்கும் என்று எவனோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். மெட்ராசுக்குத் தொலைக்காட்சி வந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் தெருவில் கப்பலுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கும் பாய் வீட்டில் மட்டும் ஒரு பெட்டி இருந்தது. அவர் நல்ல மனிதர். அன்று மாலை பெட்டியைத் தூக்கி ஜன்னலில் தெருவைப் பார்க்க வைத்தார்.

ஐப்பசித் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தலையில் கோணியும் துண்டும் போட்டுக்கொண்டு தெருவே வந்து நின்றது. நைனா சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்தார். பெட்டியில் வந்தாலும் தலைவர் தலைவர்தானே.

முதலில் எல்லாம் கேட்டது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டார். இரண்டு பக்கத்திலும் இவர்கள் இருவரும் பதில் சொன்னார்கள். என்ன பேசினார்கள் என்பதைவிட எப்படி இருந்தார்கள் என்பதுதான் தெருவுக்கு முக்கியமாக இருந்தது. "கண்ணாடிக்கு வேர்க்குது பாருடா" என்று ஒரு கூட்டம் கத்தியது. "உங்காளு இன்னா, எச்சி முழுங்கிக்கினே கீறாரு" என்று மறு கூட்டம் கத்தியது. விசில் பறந்தது. அப்போதுதான் சத்தம் நின்றது. பாய் பெட்டியின் தலையில் தட்டினார், ஆன்டெனாக் கம்பத்தை ஆட்டச் சொன்னார். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று கொஞ்ச நேரம் எழுத்து வந்தது. பிறகு படம் திரும்பியது. சத்தம் திரும்பவில்லை. இரண்டு தலைவர்களும் கையை ஆட்டி ஆட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

தெருவுக்கு அழுகையே வந்துவிட்டது. யார் ஜெயிக்கிறார் என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? "யக்காவ கூப்புடு" என்று நைனா என்னிடம் கத்தினார். "யக்காவுக்குத்தான் வாய் தெரியுமே!"

அத்தை வரமாட்டேன் என்றாள். "மூணு வருசமா அவனுங்க மூஞ்ச பாக்காம கீறேன். இப்ப இன்னாத்துக்கு?" என்றாள். ஆனால் நைனாவே வந்து கையைப் பிடித்து இழுத்தபோது எழுந்து வந்தாள். பாய் வீட்டு வாசலில் இருந்த கயிற்றுச் சுருள் ஒன்றின்மேல் அவளை உட்கார வைத்தார்கள். நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பெட்டி சரியாகத் தெரியவில்லை, அத்தையின் முகம்தான் தெரிந்தது. பெட்டியின் நீல வெளிச்சம் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அவள் பேசத் தொடங்கினாள். காது போனவர்கள் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. ஜெபமாலை சொல்வதுபோல ஒரே சீராக வந்தது. "நான் இருவது வருசமா இந்தத் துறைமுகத்துல தோளு குடுத்தவன்" என்றாள். தெரு சிரித்தது. "எம் பொண்டாட்டி புள்ளைங்க கஞ்சி குடிச்சப்ப நான் போராட்டத்துல நின்னேன்" என்றாள். மறுபடி சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு ஆண்கள் என் அத்தையின் வாய் வழியாக மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் இமைக்கவில்லை. நான் நான் என்று அவள் சொல்லச் சொல்ல, அது அவள் இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவள் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவள் குனியவில்லை. பயத்தில் எனக்கு ஒன்றுக்கு வந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நடுவில் இருந்தவர் எழுந்து போய்விட்டாராம். சத்தம் வெளியே போகவில்லை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நிகழ்ச்சி நின்றுவிட்டது என்று நினைத்து இரண்டு தலைவர்களும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் படம் வந்துகொண்டுதான் இருந்தது. இருவரும் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே, உதட்டை அதிகம் பிரிக்காமல் தங்களுக்குள் பேசினார்கள். அதுவும் விவாதம்தான் என்று நினைத்துக்கொண்டு தெரு காத்திருந்தது.

"சீட்ட வுட்டுக் குடு" என்றாள் அத்தை.

"யாரு சொல்றது யக்கா?"

"கண்ணாடி."

சித்தப்பா விசில் அடித்தார். அத்தை அடுத்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, ஆணிக் கம்பெனியில் அசைவதுபோல. கீழே இருந்து அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். வேகமாகப் போன அந்தப் பேச்சில் இரண்டு சொல்தான் எனக்குப் பிடிபட்டன. ஒன்று கிளார்னெட்டு. இன்னொன்று பன்னு.

பிறகு அவள் குரல் திடீரென்று வெளியே வந்தது. "காலப் புடிச்சவன் நீதானே."

அது மீசைக்காரர் சொன்னது. தன் குரல் எப்போது வெளியே வருகிறது, எப்போது உள்ளேயே நின்றுவிடுகிறது என்று அத்தைக்குத் தெரியாது. இரண்டையும் சத்தமில்லாமல்தான் சொன்னதாக அவள் நினைத்திருக்கலாம். ஆனால் தெரு அதைக் கேட்டுவிட்டது. வெடித்தது பாருங்கள் கூச்சல். கண்ணாடிக்காரர் சீட்டுக்காக யார் காலையோ பிடித்திருக்கிறார், மீசைக்காரர் மூஞ்சிக்கு நேரே போட்டு உடைத்துவிட்டார்! நைனா முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தார். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சத்தம் திரும்பி வந்தபோது பெட்டியில் யாரோ வணக்கம் சொல்லி முடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அது தேவைப்படவில்லை. எங்கள் தெருவின் தீர்ப்பு முடிந்துவிட்டது.

அத்தை எழுந்தாள். "மழ வருது" என்றாள். மழை ஒரு மணி நேரமாக வந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் முன்னால் போய் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்: "மாமா பன்னு துன்றாரா அத்தே?"

அவள் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா பாத்த?"

"கிளார்னெட்டு. பன்னு."

அவள் முகத்தில் எதுவோ வந்து போனது. பிறகு என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் இருந்ததால் அவள் உதட்டை என்னால் பார்க்க முடியவில்லை, குரல்தான் கேட்டது. "ஆமா பாப்பா. பன்னுதான். யாராண்டயும் சொல்லிடாத" என்றாள். அவள் உடம்பு நடுங்கியது. மாமா உயிரோடு இருக்கிறார், எங்கேயோ உட்கார்ந்து பன் தின்கிறார், அந்தச் சந்தோஷத்தில் அத்தை நடுங்குகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வரும்போது பெட்டியில் எனக்கும் ஒன்று கொண்டு வருவார்.

மறுநாளே ராயபுரத்துச் சுவர்களில் அந்தச் சொல் ஏறிவிட்டது. 'காலைப் பிடித்தவனுக்கா நாற்காலி?' என்று நைனா சுண்ணாம்பும் நீலமும் கரைத்து ரயில்வே சுவர் முழுக்க எழுதினார். அவருக்கு நல்ல கையெழுத்து. துறைமுகத்து லாரிகளில் எழுதினார்கள். நாங்கள் ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூட, பிடிபட்டவனைச் சுற்றி நின்று "காலப் புடிச்சவன், காலப் புடிச்சவன்" என்று கத்தினோம். நைனா சட்டையில் பட்ட நீலத்தை அத்தைதான் கல்லில் தேய்த்துத் துவைத்தாள். நாள் முழுக்கத் துவைத்தாள். கறை போன பிறகும் துவைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரத்தில் மீசைக்காரரே எங்கள் தெருவுக்கு வந்தார். ஜீப் தெருமுனையில் நிற்க, கூடவே இரண்டு ஆட்களோடு நடந்து வந்தார். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"செவுத்துல எய்தனது யாருப்பா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"நான்தாங்க."

"சோக்கா கீது. அந்த வார்த்த எங்க கெடச்சிது உனக்கு?"

"நீங்க சொன்னதுதாங்க தலைவரே. பொட்டில."

"பொட்டில சவுண்டே இல்லியே அப்ப." அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. "நம்ம வூட்டு ஆளுங்க யாருக்குமே கேக்கல. உனக்கு மட்டும் எப்பிடிக் கேட்டுச்சி?"

"எங்க யக்கா பாத்து சொன்னாங்க. வாய பாத்தே சொல்லிடுவாங்க" என்றார் நைனா பெருமையாக. தெருவே வழிவிட்டு அத்தையை முன்னால் தள்ளியது. அந்த ஒரு வாரமாக அத்தை தெருவுக்கே நட்சத்திரம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மீசைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டது எனக்கே தெரிந்தது. கிளார்னெட்டின் பெண்சாதி. அவர் ஓர் அடி கிட்டே வந்தார். குரலை நிறுத்திவிட்டு, உதட்டை மட்டும் மெதுவாக அசைத்தார். பக்கத்தில் நின்ற நைனாவுக்குக்கூட அது தெரியாது. "வேற இன்னா பாத்த?" என்றது அந்த உதடு.

அத்தை காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள். "சத்தமா சொல்லுங்க. காதுதான் இல்லன்னா கண்ணும் முன்ன மாரி இல்ல. அன்னிக்கு பொட்டில ஒரே கோடு கோடா ஓடிக்கினு இருந்துச்சி. அந்த ஒண்ணுதான் தெரிஞ்சிது" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் கேட்கிறார், எனக்குத் தெரியும், அத்தை மறைக்கிறாளே! "எனக்குத் தெரியும்!" என்று கத்தினேன். "மாமா பன்னு துன்றாராம்!"

அத்தையின் நகம் என் தோளில் இறங்கியது.

"எந்த மாமா கண்ணு?" என்றார் அவர். சிரிப்பு இப்போது இல்லை.

"கிளார்னெட்டு மாமா!"

அப்போது அத்தை சிரித்தாள். மாமா போன பிறகு அந்த மூன்று வருஷத்தில் அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "கொயந்த பாத்துச்சிங்க. நானும் அப்பிடித்தான் பாத்தேன். கிளார்னெட்டு, பன்னுன்னு. எங்கயோ உக்காந்து துன்னுக்கினு கீறாரு போல. இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்றாள்.

மீசைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதடு ஒருமுறை மூடித் திறந்தது. இன்னொரு முறை மூடித் திறந்தது. அவரும் பன்னு, பன்னு என்று சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு உரக்கச் சிரித்துவிட்டு, ஆளை அனுப்பிப் பேக்கரியில் இருந்து ஒரு கூடை பன் வாங்கி வரச் செய்தார். தெருப் பிள்ளைகளுக்கு எல்லாம் கொடுத்தார். எனக்கு இரண்டு. அத்தைக்குத் தன் கையாலேயே ஒன்றைக் கொடுத்து, "துன்னுமா" என்றார். கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்த்துக்கொண்டே மென்றாள். ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் முழுசையும் தின்றாள். "உங்க யக்காவ நல்லா பாத்துக்க" என்று நைனாவின் முதுகில் தட்டிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். நைனா அதைப் பத்து நாள் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

இடம் மீசைக்காரருக்கே கிடைத்தது, ஜெயித்தும் விட்டார். கண்ணாடிக்காரர் அதற்குள் ஊரிலேயே இல்லை. பயந்துகினு ஓடிட்டான் என்றார்கள். அத்தை சாகும்வரை பூ வைத்துக்கொண்டாள், கலர்ப் புடவை கட்டினாள். ஓடிப்போன புருஷனுக்காக இன்னுமா காத்திருக்கிறாய் என்று கேட்டவர்களுக்குச் சிரிப்பதோடு சரி. யாரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே போய்ச் சொல்வது? சத்தம் இல்லாத பெட்டியில் காது கேளாத ஒருத்தி பார்த்தது எந்த ஊரில் சாட்சி ஆகும்? வெள்ளைப் புடவை கட்டியிருந்தால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று மீசைக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்குத் தெரிய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. அப்போது அத்தை இல்லை. ஒரு மழை நாளில் என் மகளுக்கு உதட்டுப் பேச்சு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாமல் பன்னு என்றேன். அவள் யோசித்துவிட்டு, "மண்ணா?" என்றாள்.

கையில் இருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். கிளார்னெட்டின்மேல் யார் மண்ணைப் போட்டது என்று வாயைத் திறக்கட்டுமா என்றுதான் கண்ணாடிக்காரர் கேட்டிருக்கிறார். காலைப் பிடித்தவன் நீதானே என்று மீசைக்காரர் சொன்னது சீட்டுக்காக யார் காலிலோ விழுந்ததைப் பற்றி அல்ல. மாமாவின் காலை. ஒருவர் காலைப் பிடிக்க இன்னொருவர் என்ன செய்தாரோ, அதைத்தான் நைனா நீலம் கரைத்து ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறார். நாங்கள் அதைக் கத்திக்கொண்டு ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். அந்தக் கையில் இருந்து அத்தை பன் வாங்கித் தின்றது என் உயிருக்காகவும்தான் என்று நினைக்கும்போது, அந்த இரண்டு பன்னும் இன்னும் என் தொண்டையில் நிற்கின்றன.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷக் கல்லறைத் திருநாள் பன் தின்ற சில நாளில் வந்தது. தாத்தா கல்லறையில் ஏற்றியதுபோக அத்தையின் கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு பெரிய சிலுவையிடம் போனாள். நைனா பின்னால் இருந்து, "யாருக்குக்கா அங்க?" என்று கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. ஈரமண்ணில் முழங்கால் போட்டாள். காற்றில் இரண்டு தடவை அணைந்தது, மூன்றாவது தடவை நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து மூடிக்கொண்டாள். சத்தமே இல்லாமல் அவள் உதடு மூடித் திறந்தது, மறுபடி மூடித் திறந்தது.

பாப்பா என்று என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் தோளைத் தொட்டு, "இன்னா அத்தே, இங்கதான் கீறேன்" என்றேன்.